முதல் பத்து லிட்டர்

இளஞ்சிவப்புக் குழாய்கள்.
பெர்லினுக்குப் புதிதாக வருகிறவர்கள்
ஏதோ கலைப்பொருள் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
நான் அதன் காலில் சைக்கிளைப் பூட்டுகிறேன்.

சதுப்பின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது.
இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் போதும்,
யார் என்று கேட்டபடி நீர் எட்டிப் பார்க்கும்.
அடித்தளம் போடுவதற்குமுன் அதைக் கிளப்பியாக வேண்டும்,
வாடகை பாக்கி வைத்தவனைக் கிளப்புவதுபோல,
இரவு பகலாகப் பம்பு வைத்து.

தெருமுனையில் குழாய் எழும்பி
லாரிக்கு வழிவிட்டு மறுபக்கம் இறங்குகிறது.
பிறகு லாண்ட்வேர் கால்வாய்.
மணிக்கு நாற்பது கனமீட்டர்.
கணக்கு எழுதுகிறவள் நான்தான்.
விழலுக்கு இறைத்த நீர் என்போம்;
விழலுக்காவது கிடைத்திருக்கும்.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் வரப்போகின்றன.
வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
பதினான்கு மாதமாக நானும் தேடுகிறேன்.
ஒற்றை அறையைப் பார்க்க
படிக்கட்டில் அறுபது பேர் நிற்கிறோம்,
கையில் சம்பளச் சீட்டும்
முகத்தில் கடன் வாங்கிய சிரிப்புமாக.

விளம்பரப் பலகையில் கட்டிடம் தயார்.
கூரையில் புல், சுவரில் கொடி,
மழைக்கு ஒரு தொட்டி,
பால்கனியில் யாருக்கோ கையசைக்கும் குழந்தை.
‘நாளைக்கும் நிலைக்கும் நகரம்.’
பலகை சாய்ந்திருப்பது ஒரு லிண்டன் மரத்தின்மேல்.
ஜூலையிலேயே இலை உதிர்க்கிறது அது.

மரத்துக்கு எண் உண்டு.
தகரத் துண்டில் அடித்திருக்கிறார்கள்: நாற்பத்தேழு.

மூன்றாம் மாடி டோர்த்தே வெண்ட்லாண்ட்
இரவுப் பணி முடித்த செவிலி,
தூங்கப் போகுமுன் இரண்டு வாளியோடு இறங்குகிறாள்.
லிஃப்ட் கிடையாது.
குடிநீரைப் படிபடியாகச் சுமந்து வந்து
நாற்பத்தேழின் தூரில் ஊற்றுகிறாள்.
தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்களே,
அவள் தலைக்குமேல் நிஜமாகவே வெள்ளம் போகிறது.
கைக்கு எட்டாத ஒன்றரை முழம்.

குழாயில் ஒரு திருகு வைக்கக் கேட்டு எழுதினாள்.
நீர்த் துறை பசுமைத் துறைக்கு அனுப்பியது.
பசுமைத் துறை கட்டிடத் துறைக்கு.
இரும்புச்சத்து அதிகம் என்று ஒரு கடிதம்,
பொறுப்பு யாருடையது என்று ஒரு கடிதம்.
மூன்றாவது கடிதத்தை நான்காக மடித்து
ஆடுகிற சலவை இயந்திரத்தின் காலுக்கு
முட்டுக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.
இப்போது ஆடுவதில்லையாம்.

என் வேலை இவ்வளவுதான்:
காலை ஏழு மணிக்கு மாதிரி வால்வைத் திறந்து
ஒரு குப்பி நீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.
விதி, பக்கம் ஆறு:
குழாயில் தேங்கிய முதல் பத்து லிட்டரைக் கொட்டிவிடவும்.
எட்டு மாதம் சாக்கடைக் கம்பிக்குள் கொட்டினேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, தூக்கக் கலக்கத்தில்,
பக்கம் ஆறை மறுபடி படித்தேன்.
எங்கே என்று எழுதவில்லை.

டோர்த்தே, அந்த வாளியைக் கொடு.

கண்ணாடிபோல் வருகிறது.
காற்றுப் பட்டதும் நினைவு வந்ததுபோலச் சிவக்கிறது.
மரத்தைச் சுற்றி மண்
பழைய கத்தியின் நிறமாகிவிட்டது.
மேற்பார்வையாளர் கேட்டார்.
பக்கம் ஆறு என்றேன்.
சில நாள் பத்து, இருபதாகிறது;
வால்வு கொஞ்சம் இறுக்கம், என்ன செய்ய.

டிசம்பரில் பம்பை நிறுத்துவார்கள்.
நீர் தன் மட்டத்துக்குத் திரும்பும்,
யாரிடமும் விண்ணப்பம் போடாமல்
நிலவறைச் சுவரில் தோள் சாய்த்து நிற்கும்.
உள்ளே குடிவருகிறவர்களில் நான் இருக்கமாட்டேன்.
வரிசையில் என் எண் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

இன்று படிவத்தில்
நீரளவு, வெப்பம், நிறம் எல்லாம் நிரப்பிவிட்டு
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
முதல் பத்து லிட்டர்
விதிப்படி கொட்டப்பட்டது.